தற்குறிகளின் கணக்கு: பெரம்பலூர், அரியலூர் நிலமும் எழுத்தறிவு விழுக்காடுகளின் வரலாறும்

ஒருவரைத் 'தற்குறி' என்று இன்று சொன்னால் அது வசை. ஆனால் அச்சொல்லின் பழம்பொருள் வசையன்று. கையெழுத்திட இயலாதவர் ஆவணத்தில் தம் கையால் இடும் குறியே தற்குறி. அக்குறி இன்னாருடையதுதான் என்று எழுத்தறிந்த வேறொருவர் சான்றுரைப்பதைக் கல்வெட்டுகள் 'தற்குறிமாட்டெறிதல்' என்று குறிக்கின்றன. நிலம் விற்றவர் எழுத்தறியாதவர் என்பதனால் விற்பனை செல்லாமற் போவதில்லை. எழுத்தறிந்த ஒருவர் துணை நின்றால் போதும். குறிக்கும் கையெழுத்துக்கும் உள்ள வேறுபாட்டை நம் சமூகம் பல நூற்றாண்டுகளாக அறிந்திருந்தது. ஆயினும் ஒரு நாட்டில் குறியிடுவோர் எத்தனை பேர், கையெழுத்திடுவோர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்கும் எண்ணம் பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் இங்கு வந்தது.

அன்றிலிருந்து இன்றுவரை எழுத்தறிவு விழுக்காடு என்றொரு வரிசை நம்மிடம் இருக்கிறது. 1901இல் இந்தியாவில் 5.35, 1931இல் 9.5, 1951இல் 18.33, 1991இல் 52.21, 2011இல் முதற்கட்டக் கணக்கின்படி 74.04. பாடநூல்களும் நாளிதழ்களும் இவ்வெண்களை, வளரும் பிள்ளையின் உயரத்தைச் சுவரில் குறித்து வைப்பதுபோல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் காட்டுகின்றன. அளவுகோல் ஒவ்வொரு முறையும் அதேதானா, அளக்கப்பட்டவர்கள் அதே மக்கள்தானா, அளந்தவர் உண்மையிலேயே கோலை வைத்துப் பார்த்தாரா என்ற கேள்விகள் பெரும்பாலும் எழுவதில்லை. தமிழகத்தில் எழுத்தறிவு குறைந்த மாவட்டங்களின் பட்டியலில் தொடர்ந்து இடம்பெற்றுவரும் பெரம்பலூரையும் அரியலூரையும் முன்வைத்து அக்கேள்விகளை நாம் எழுப்பிப் பார்க்கலாம்.

இந்த நிலம் எழுத்துக்கு அயலானதன்று. இன்றைய அரியலூர் மாவட்டத்தின் ஏலாக்குறிச்சியில் தங்கியிருந்துதான் வீரமாமுனிவர் தமிழ்ப்பணி புரிந்தார். ஏகார ஓகாரங்களைக் குறிலினின்று பிரித்துக் காட்டிய அவரது எழுத்துச் சீர்திருத்தத்தின் வழியேதான் நாம் இன்றும் எழுதுகிறோம். உ.வே. சாமிநாதையரின் இளமையின் பெரும்பகுதி அரியலூரிலும் குன்னத்திலும் அவற்றைச் சூழ்ந்த ஊர்களிலும் கழிந்தது. அரியலூர்ச் சடகோபையங்காரிடமும் செங்கணம் விருத்தாசல ரெட்டியாரிடமும் அவர் தமிழ் கற்ற செய்திகளை 'என் சரித்திரம்' வாசித்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1871இல் அவர் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சேர்ந்தார். அதே ஆண்டில்தான் சென்னை மாகாணத்தின் முதல் முறையான மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் நடந்தது. அந்தத் தற்செயல் ஒற்றுமை நமக்கு ஒரு வசதியைத் தருகிறது. அரசு எண்ணத் தொடங்குவதற்குச் சற்று முன்னர், எண்ணப்பட இருந்த அதே ஊர்களில் எழுத்து எப்படிப் புழங்கியது என்று சொல்வதற்கு ஒரு சாட்சி நமக்குக் கிடைத்திருக்கிறார்.

அவர் காட்டும் உலகில் கல்வி மனனத்திலிருந்து தொடங்கியது. மணலில் விரலால் எழுதிப் பழகி, பின் ஓலையும் எழுத்தாணியும் பிடித்து, எண்சுவடியை மனப்பாடம் செய்து, நூல்களைப் பாடம் கேட்டுக் கற்றனர். வாசிக்கத் தெரிந்த எல்லாருக்கும் ஓலையில் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஏட்டில் எழுதுவது தனித் தொழில்திறன். ஊர்க்கணக்கர் மா, காணி, முந்திரி என்ற பின்னங்களைத் தமிழ் எண்களில் சளைக்காமல் எழுதுவார். அவரிடம் அச்சிட்ட உரைநடைப் புத்தகத்தைக் கொடுத்தால் தடுமாறக்கூடும். புள்ளியில்லாத ஏட்டெழுத்தை வாசிக்கத் தெரிந்தவருக்கும் புள்ளியிட்ட அச்செழுத்தை வாசிக்கத் தெரிந்தவருக்கும் இடையே இன்று நாம் உணராத தொலைவு இருந்தது. நூற்றுக்கணக்கான பாடல்களை நெஞ்சில் வைத்திருந்து, ஓரெழுத்தும் அறியாத பெண்களும் அதே ஊர்களில் இருந்தனர். இத்தனை வகையினரையும் அறிந்தவர், அறியாதவர் என்று இரண்டே கட்டங்களுக்குள் அடைப்பதுதான் கணக்கெடுப்பின் வேலை.

*

எண்ணும் முயற்சி மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே ஒருமுறை நடந்தது. 1822இல் சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ, மாவட்ட ஆட்சியர்கள் அனைவரிடமும் பள்ளிகளின் எண்ணிக்கையையும் மாணவர் எண்ணிக்கையையும் கேட்டார். வந்த விடைகளைத் தொகுத்து 1826இல் அவர் எழுதிய குறிப்பின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. மக்கள்தொகை ஏறத்தாழ 1 கோடியே 28 லட்சம். மாணவர்கள் ஏறத்தாழ 1 லட்சத்து 88 ஆயிரம். ஐந்து முதல் பத்து வயதுக்குட்பட்ட ஆண்பிள்ளைகளை மட்டும் கணக்கிட்டால் நான்கில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமானோர் பள்ளியில் இருந்தனர் என்று மன்றோ கருதினார். வீட்டிலேயே கற்பிக்கப்படும் பிள்ளைகளையும் சேர்த்தால் அது மூன்றில் ஒரு பங்கை நெருங்கும் என்பது அவரது ஊகம். பள்ளியில் பெண்பிள்ளைகள் மிகச் சிலரே.

தரம்பால் 1983இல் இவ்வாவணங்களைத் தொகுத்து வெளியிட்ட பின்னர் இவை பெரும் விவாதப் பொருளாயின. ஆங்கிலேயர் வருகைக்கு முன்னரே இங்குப் பரவலான கல்வி இருந்தது என்பதற்கு இவற்றைச் சான்றாகக் காட்டுவோர் உண்டு. அந்த விவாதத்துக்குள் நாம் இங்கு நுழையவில்லை. மன்றோ எண்ணியது எதை என்பதே நம் கேள்வி. திண்ணையில் அமர்ந்திருந்த பிள்ளைகளின் தலைகளைத்தான் அவருடைய ஆட்சியர்கள் எண்ணினார்கள். அவர்களுள் எத்தனை பேர் வாசிக்கக் கற்றனர், கற்றவருள் எத்தனை பேர் முப்பது வயதிலும் அதை மறவாதிருந்தனர் என்பதற்கு அந்த ஆவணங்களில் விடையில்லை. பள்ளிக்குச் சென்றவர் தொகையை எழுத்தறிந்தவர் தொகையாகக் கொள்ளும் பழக்கம் அன்று தொடங்கியது. நம் காலத்து அளவீடுகளிலும் அது வேறு உருவில் தொடர்வதைப் பின்னர்க் காண்போம்.

1881, 1891 கணக்கெடுப்புகளில் மக்கள் மூன்றாகப் பகுக்கப்பட்டனர்: கற்றுக்கொண்டிருப்போர், எழுதப் படிக்கத் தெரிந்தோர், தெரியாதோர். பார்வைக்கு நியாயமாகத் தோன்றும் இப்பகுப்பு நடைமுறையில் குழப்பத்தையே தந்தது. நன்றாக எழுதப் படிக்கத் தெரிந்த மாணவன், இன்னும் பள்ளியில் இருக்கும் ஒரே காரணத்தால் கற்போர் பத்தியில் விழுந்தான். அரிச்சுவடியைத் தொட்ட சிறுவனும் அவனோடு அதே பத்தியில் நின்றான். எனவே 1901இல் கற்போர் பகுப்பு கைவிடப்பட்டது. அதுவரை அதில் இருந்தவர்களுள் ஒரு பகுதியினர் அறிந்தோராகவும் மற்றவர் அறியாதோராகவும் மாறினர். 1891க்கும் 1901க்கும் இடையே எந்த ஊரில் எழுத்தறிவு கூடியது அல்லது குறைந்தது என்று சொல்ல முயல்பவர் முதலில் இந்த இடமாற்றத்தைக் கடந்தாக வேண்டும்.

1901இலும் எவ்வளவு தெரிந்தால் 'தெரியும்' என்பது தெளிவாக வரையறுக்கப்படவில்லை. 1911இல்தான் ஒரு தெளிவான அளவுகோல் வந்தது: நண்பருக்குக் கடிதம் எழுதவும் அவர் விடுக்கும் பதிலை வாசிக்கவும் முடிந்தவரே எழுத்தறிந்தவர். அழகான வரையறைதான். அஞ்சல் பரவிவந்த காலத்தின் முத்திரை அதில் தெரிகிறது. ஆனால் எந்தக் கணக்கெடுப்பாளரும் எந்த வீட்டுத் திண்ணையிலும் யாரையும் கடிதம் எழுதச் சொல்லவில்லை. வீட்டுத் தலைவரிடம் கேட்டார். அவர் சொன்னதை எழுதிக்கொண்டார். அளவுகோல் கையேட்டில் இருந்தது, அளந்தது வாய்ச்சொல்.

அந்த வாய்ச்சொல்லில் யார் விடுபட்டிருப்பார்கள் என்று ஊகிப்பது கடினமன்று. 1901இல் இந்தியப் பெண்களுள் எழுத்தறிந்தோர் 0.60 விழுக்காடு, அதாவது ஆயிரத்துக்கு ஆறு பேர். அயலூர் ஆடவர் ஒருவர் வந்து, மற்றோர் ஆடவரிடம், அவருடைய மனைவியையும் மருமகளையும் பற்றிக் கேட்டுப் பெற்ற எண் இது. பெண் எழுத்தறிவது குடும்பப் பெருமைக்கு இழுக்கு என்று கருதிய வீடுகளில் 'இல்லை' என்பதே விடையாக இருந்திருக்கும். காலம் மாறி, எழுத்தறியாமையே இழுக்கு என்றான பின்னர் அதே வீடுகளில் 'தெரியும்' என்பது எளிதான விடையாகிவிட்டது. பெண்கள் பெருந்தொகையில் கற்றார்கள் என்பதில் நமக்கு ஐயமில்லை. எனினும் வரிசையின் தொடக்கம் சற்றுத் தாழ்த்தியும் முடிவு சற்று உயர்த்தியும் சொல்லப்பட்டிருந்தால், இடைப்பட்ட வளர்ச்சி உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும்.

ஐரோப்பிய வரலாற்றாசிரியர்களுக்கு இதே சிக்கல் வேறு வடிவில் இருந்தது. இங்கிலாந்தில் 1754 முதல் மணமக்கள் திருமணப் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும், இயலாதவர் குறியிடுவர். அந்தத் தற்குறிகளை எண்ணித்தான் அங்குப் பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளின் எழுத்தறிவு கணிக்கப்பட்டது. ஸ்வீடனில் 1686ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தின் வழியே, பங்குக்குருமார் வீடுதோறும் மக்களின் வாசிப்பைச் சோதித்து ஏட்டில் பதிந்தனர். அதன் பயனாக வாசிக்க மட்டும் தெரிந்து எழுதத் தெரியாத மக்கள் பெருந்திரளாக அங்கு உருவாயினர். ஸ்வீடனின் அந்த மக்களை 1911ஆம் ஆண்டு இந்திய வரையறையால் அளந்தால் பெரும்பாலோர் எழுத்தறியாதவர் ஆகிவிடுவர். எழுதுதல், வாசித்தல் இரண்டும் தெரிந்தாக வேண்டும் என்ற நம் வரையறை, வாசிக்க மட்டும் தெரிந்தவர்களை முற்றாக மறைத்துவிட்டது. 1941இல் ஒருமுறை, வாசிக்க மட்டும் தெரியுமா என்று தனியே கேட்கப்பட்டது. ஆனால் போர்க்கால நெருக்கடியால் அக்கணக்கெடுப்பின் அட்டவணைப் பணி பெரிதும் குறைக்கப்பட்டது. 1931இல் 9.5ஆக இருந்த விழுக்காடு 1941இல் 16.1ஆகத் தாவியதை ஆய்வாளர்கள் இன்றும் எச்சரிக்கையோடுதான் கையாளுகிறார்கள்.

*

வரையறை ஒருபுறமிருக்க, நிலமும் நிலையாக இருக்கவில்லை. பெரம்பலூரும் உடையார்பாளையமும் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் தாலுக்காக்களாக இருந்தன. அந்த மாவட்டத்துக்கு 1910இல் நாமக்கல் சேலத்திலிருந்து வந்தது. கோயம்புத்தூரிலிருந்து கரூர் வந்து சேர்ந்தது. 1948இல் புதுக்கோட்டை சமஸ்தானம் இணைந்தது. 1974இல் அது தனி மாவட்டமாகப் பிரிந்தது. 1995இல் கரூரும் பெரம்பலூரும் தனி மாவட்டங்களாயின. 2001 சனவரியில் அரியலூர் பெரம்பலூரிலிருந்து பிரிந்தது. 2002இல் மீண்டும் அதனோடு இணைக்கப்பட்டது. 2007 நவம்பரில் மறுபடியும் தனி மாவட்டமாயிற்று. ஆகவே 'திருச்சிராப்பள்ளி மாவட்ட எழுத்தறிவு' என்று 1901, 1911, 1951, 1981 அறிக்கைகளில் காணும் எண்கள் நான்கும் ஒரே நிலத்தைப் பற்றியவை அல்ல.

இது நூலகத்து மேசையோடு நின்றுவிடும் சிக்கலன்று. 2009 செப்டம்பரில் நடுவண் அரசு சாக்ஷர் பாரத் என்ற வயதுவந்தோர் கல்வித் திட்டத்தைத் தொடங்கியது; தமிழகத்தில் அது கற்கும் பாரதம் என்ற பெயரில் நடந்தது. 2001 கணக்கெடுப்பின்படி 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களின் எழுத்தறிவு 50 விழுக்காடு அல்லது அதற்குக் கீழே உள்ள மாவட்டங்களுக்கே திட்டம் என்பது விதி. தமிழகத்தில் அவ்வாறு தேர்வான மாவட்டங்களுள் பெரம்பலூரும் அரியலூரும் இருந்தன. இவ்விரண்டும் பழைய திருச்சிராப்பள்ளியின் பகுதிகளாகவே தொடர்ந்திருந்தால், நகரத்தின் உயர்ந்த சராசரிக்குள் இவ்வூர்ப் பெண்கள் மறைந்து போயிருக்கக்கூடும். 2001 அட்டவணைகளில் இரண்டும் தனித்தனியே இடம்பெற்றதனால் குறை கண்ணுக்குத் தெரிந்தது. ஒரு மாவட்டத்தின் எல்லைக்கோடும், கணக்கெடுப்பாளரிடம் சொல்லப்பட்ட 'தெரியும்', 'தெரியாது' என்ற ஒற்றைச் சொற்களும் சேர்ந்து, செந்துறையிலோ வேப்பந்தட்டையிலோ ஒரு பெண்ணுக்கு மாலை வகுப்பு உண்டா இல்லையா என்பதைத் தீர்மானித்தன.

அந்த விதியில் '15 வயதுக்கு மேற்பட்ட' என்ற சொற்கள் முக்கியமானவை. நாம் வழக்கமாகக் கேள்விப்படும் எழுத்தறிவு விழுக்காடு 7 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களைப் பற்றியது. இந்த வயதெல்லை 1991இல்தான் நிலைபெற்றது. அதற்கு முன் மொத்த மக்கள்தொகையையோ 5 வயதுக்கு மேற்பட்டோரையோ வகுஎண்ணாகக் கொண்டனர். இதன் விளைவை 1981ஆம் ஆண்டு தெளிவாகக் காட்டும். மொத்த மக்கள்தொகையில் கணக்கிட்டால் அவ்வாண்டின் எழுத்தறிவு 36.23 விழுக்காடு, 7 வயதுக்கு மேற்பட்டோரில் கணக்கிட்டால் 43.57. ஆண்டு ஒன்றே, மக்களும் அவர்களே. வகுஎண் மாறியதால் ஏழு புள்ளிகள் கூடிவிட்டன. 1971இன் எண்ணையும் 1991இன் எண்ணையும் வகுஎண் பாராமல் அருகருகே வைப்பவர், கல்வி வளர்ச்சியோடு கணக்கு முறையின் மாற்றத்தையும் சேர்த்து வளர்ச்சி என்று பாராட்டிவிடுகிறார்.

7 வயது என்ற எல்லைக்கும் ஒரு மயக்கம் உண்டு. ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்துகொள்வோம். ஓர் ஊரில் 7 வயதுக்கு மேற்பட்ட பெண்கள் 1,000 பேர். அவர்களுள் 150 பேர் 14 வயதுக்குட்பட்ட பள்ளிச் சிறுமியர். அனைவரும் எழுத்தறிந்தவர் என்று பதிவாகிறார்கள். எஞ்சிய 850 பேரில் 425 பேருக்கு மட்டுமே எழுத்துத் தெரியும். ஊரின் பெண் எழுத்தறிவு 57.5 விழுக்காடு என்று அறிக்கை சொல்லும். வளர்ந்த பெண்களுள் சரிபாதிப் பேர் எழுத்தறியாதவர் என்ற செய்தி அதில் தெரியாது. மூத்த தலைமுறை மறையும்போதும், பள்ளிக்குச் சென்ற இளைய தலைமுறை 7 வயதை எட்டும்போதும் விழுக்காடு தானே உயர்ந்துகொண்டிருக்கும். வளர்ந்த ஒருவர்கூடப் புதிதாக எழுத்தறியாமலே ஒரு மாவட்டம் பத்தாண்டுகளில் முன்னேறிவிடலாம். 2011இல் 7 வயதுக்கு மேற்பட்ட பெண்களின் எழுத்தறிவு பெரம்பலூரில் ஏறத்தாழ 66 விழுக்காடாகவும் அரியலூரில் ஏறத்தாழ 62 விழுக்காடாகவும் பதிவாயின. மாநிலத்தின் ஒட்டுமொத்த எழுத்தறிவு அப்போது 80ஐத் தொட்டிருந்தது. நாற்பது வயது கடந்த பெண்களைத் தனியே பிரித்துப் பார்த்தாலன்றி அந்த 66க்கும் 62க்கும் உள்ளே இருப்பது நமக்கு விளங்காது.

*

முதியோருக்கே எழுத்தைக் கொண்டு சேர்க்க முயன்ற காலம் ஒன்றும் உண்டு. 1988இல் தேசிய எழுத்தறிவு இயக்கம் தொடங்கியது. 1990இல் எர்ணாகுளம் நாட்டின் முதல் முழு எழுத்தறிவு மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. தொடர்ந்து தமிழகத்தில் அறிவொளி இயக்கம் பரவியது. அண்டையிலிருந்த புதுக்கோட்டையில் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றதும் அந்த இயக்கத்தின் பகுதியே. ஒன்றுபட்ட திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலும் தொண்ணூறுகளில் அறிவொளி வகுப்புகள் நடந்தன. தெருவிளக்கின் அடியிலும் கோயில் மண்டபத்திலும் ஊதியமின்றிக் கற்பித்த தொண்டர்களின் அனுபவம் எத்தகையது என்பதை அறிய ச. தமிழ்ச்செல்வனின் 'இருளும் ஒளியும்' நமக்குக் கிடைக்கிறது.

அளவீட்டு வரலாற்றில் அறிவொளிக்கு ஒரு தனியிடம் உண்டு. எழுத்தறிவு என்றால் எவ்வளவு என்று அதுதான் முதன்முறையாக எண்களில் சொன்னது. நிமிடத்துக்கு 30 சொற்கள் வாய்விட்டு வாசிக்க வேண்டும். 35 சொற்கள் மனத்துக்குள் வாசிக்க வேண்டும். 7 சொற்கள் பார்த்தெழுதவும் சொல்வதெழுதலில் 5 சொற்கள் எழுதவும் வேண்டும். 100 வரை எண்களை எழுதவும் எளிய கணக்குகளைச் செய்யவும் வேண்டும். வாய்ச்சொல்லை நம்பிய நெடுங்காலத்துக்குப் பின், தாளும் பென்சிலும் கொடுத்துச் செய்து காட்டச் சொன்ன முயற்சி இது.

ஆனால் இதற்கும் தனக்கேயுரிய இடர்கள் இருந்தன. தேர்வு நடத்தியவரும் கற்பித்தவரும் பெரும்பாலும் ஒரே அமைப்பினர். மாவட்டத்தின் பெயர் அந்த முடிவைச் சார்ந்திருந்தது. மூன்றாம் பாடப்புத்தகத்தை முடித்தவுடன் தேர்வு நடந்தது. பயின்ற எழுத்து ஐந்தாண்டுகளுக்குப் பின்னும் கையில் நிற்கிறதா என்று மீண்டும் போய்ப் பார்ப்பது அரிதாகவே இருந்தது. வாசிக்க எதுவும் வராத வீட்டில், பகலெல்லாம் பருத்திக்காட்டிலும் சோளக்காட்டிலும் உழைப்பவரிடம் புதிதாகக் கற்ற எழுத்து நெடுநாள் தங்குவது எளிதன்று. அப்படி மறந்துபோன ஒருவரும், பின்னர்க் கணக்கெடுப்பாளர் வந்தபோது, தம் சான்றிதழை நினைத்தோ தம் பெயரை எழுதத் தெரிந்ததை நினைத்தோ 'தெரியும்' என்று சொல்லியிருக்கலாம். அவர் பொய் சொன்னதாகக் கொள்ள இயலாது. கேள்விதான் அவர் நிலையைச் சொல்ல இடம் தரவில்லை.

கேள்வியைக் கேட்கும் விதமும் விடையை மாற்றும். கையேட்டில் 'புரிந்துகொண்டு எழுதவும் படிக்கவும் தெரியுமா' என்றிருக்கும். வாசலில் நின்று பேசும்போது அது 'எழுதப் படிக்கத் தெரியுமா?' என்றாகும், அவசரத்தில் 'படிச்சவங்களா?' என்று சுருங்கும். தமிழில் 'படித்தவர்' என்றால் பள்ளி அல்லது கல்லூரி கண்டவர். பேருந்துப் பலகையை வாசிக்கத் தெரிந்த, பள்ளி காணாத பெண் அக்கேள்விக்கு 'இல்லை' என்பார். ஐந்தாம் வகுப்போடு நின்று எல்லாவற்றையும் மறந்துவிட்ட ஆண் 'ஆமாம்' என்பார். 'எழுத்தறிவு', 'படிப்பறிவு', 'கல்வியறிவு' என்ற மூன்று சொற்களையும் நம் செய்தித்தாள்கள் வேறுபாடின்றி ஆள்கின்றன. அந்தக் கலப்பு வாசற்படியிலும் நிகழ்கிறது. அங்கே அது எண்ணாக மாறிவிடுகிறது.

*

வாய்ச்சொல்லுக்கு மாற்றாக வாசிப்பைச் சோதிக்கும் ஆய்வுகள் இன்று உண்டு. தேசியக் குடும்பநல ஆய்வு 2005-06இல், ஓர் எளிய வாக்கியம் அச்சிட்ட அட்டையைக் கொடுத்து வாசிக்கச் சொன்னது. முழுதும் வாசித்தாரா, பாதி வாசித்தாரா, வாசிக்கவே இயலவில்லையா என்று பதிந்தது. ஆயினும் குறிப்பிட்ட வகுப்புக்கு மேல் பயின்றவர்களுக்கு அட்டை நீட்டப்படுவதில்லை. அவர்கள் வாசிக்கத் தெரிந்தவர்கள் என்றே கொள்ளப்படுகிறார்கள். மன்றோ காலத்து அனுமானம் இங்கு மீண்டும் வருகிறது. இந்த ஆய்வு எழுதுவதைச் சோதிப்பதில்லை. வாக்கியத்தின் ஒரு பகுதியை வாசித்தவரும் எழுத்தறிந்தவர் பட்டியலில் சேர்வார். எனவே இதன் விழுக்காட்டையும் கணக்கெடுப்பின் விழுக்காட்டையும் ஒப்பிட்டு ஒன்றைக் கொண்டு மற்றதைத் திருத்துவதற்கும் வழியில்லை. இரண்டும் வெவ்வேறு திறன்களை வெவ்வேறு மக்களிடம் அளக்கின்றன.

1998இல் கௌசிக் பாசு, ஜேம்ஸ் ஃபாஸ்டர் ஆகிய பொருளியலாளர்கள் மற்றொரு கோணத்தைக் காட்டினர். எழுத்தறியாதவர் எல்லாரும் ஒரே நிலையில் இல்லை. வீட்டில் எழுத்தறிந்த ஒருவரேனும் உள்ளவர், அப்படி யாருமே இல்லாத வீட்டில் வாழ்பவரைவிட மேலான நிலையில் இருக்கிறார். ஆகையால் எழுத்தறிவை வீட்டளவிலும் அளக்க வேண்டும் என்றனர். தற்குறிமாட்டெறிதல் என்ற பழைய ஏற்பாட்டை அறிந்த நமக்கு இது புதிய செய்தியன்று. தபால்காரரே கடிதத்தை வாசித்துக் காட்டிய ஊர்களின் வாழ்வு இந்த அடிப்படையில்தான் நடந்தது. மகளோ பேரனோ வெளியூர் போய்விட்ட வீட்டில், தனித்து வாழும் முதிய பெண்ணின் நிலை என்ன என்பது இந்தக் கோணத்திலிருந்து பார்த்தால்தான் புலப்படும். மாவட்ட விழுக்காடு அவரைப் பற்றி எதுவும் சொல்லாது.

கையெழுத்து என்ற பழைய சான்றும் இப்போது நம்மை விட்டுப் போகிறது. சுய உதவிக்குழுக்கள் பரவிய காலத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் தம் பெயரை எழுதக் கற்றார்கள். பெயரை மட்டும் எழுதக் கற்றவர்களும் அவர்களுள் உண்டு. இன்று நியாயவிலைக் கடையில் பட்டதாரியும் விரல் வைக்கிறார், எழுத்தறியாதவரும் விரல் வைக்கிறார். இங்கிலாந்தின் வரலாற்றாசிரியருக்குத் திருமணப் பதிவேடு உதவியதுபோல, பெரம்பலூரின் வருங்கால வரலாற்றாசிரியருக்கு உதவ எந்தப் பதிவேடும் இராது. கணக்கெடுப்பில் சொல்லப்பட்ட விடை ஒன்றே எஞ்சும். அந்த ஒரே சான்று எவ்வளவு நம்பத்தக்கது என்ற கேள்வி அதனால் இன்னும் கூர்மை பெறுகிறது.

2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு நடக்கவில்லை. அடுத்தது 2027ஆம் ஆண்டுக்கென அறிவிக்கப்பட்டது. இதற்கிடையே 2024இல் நடுவண் கல்வி அமைச்சகம், எழுதுதல், வாசித்தல், கணக்கிடுதல் ஆகியவற்றோடு மின்னணு அறிவையும் நிதி அறிவையும் எழுத்தறிவின் வரையறையில் சேர்த்தது. 95 விழுக்காட்டை எட்டினால் முழு எழுத்தறிவு என்றும் கொண்டது. அதையடுத்துச் சில மாநிலங்கள் தம்மை முழு எழுத்தறிவு பெற்றவையாக அறிவித்துக்கொண்டன. வரையறை விரிய விரிய அதனை வாசலில் நின்று ஒற்றைக் கேள்வியால் அளப்பது மேலும் இயலாததாகிறது. அறிவிப்பின் மறுபக்கத்தையும் நாம் நினைக்க வேண்டும். முழு எழுத்தறிவு எய்திய இடத்தில் எஞ்சியிருக்கும் எழுத்தறியாதவர், அறிக்கையின்படி இல்லாதவர் ஆகிவிடுவார். இல்லாதவருக்கு வகுப்பு நடத்த யாரும் நிதி ஒதுக்க மாட்டார்கள்.

செய்யக்கூடியவை அரியனவல்ல. வாசித்தலையும் எழுதுதலையும் 1941இல் முயன்றதுபோலத் தனித்தனியே கேட்கலாம். எழுத்தறிவை வயதுக் குழுவாரியாக, ஒன்றிய அளவில், விரைவாக வெளியிடலாம். 1951இல் பதினைந்து வயதினராக இருந்தவர்கள் 2011இல் எழுபத்தைந்து வயதினராக எப்படிப் பதிவாகியிருக்கிறார்கள் என்று ஒரே தலைமுறையைத் தொடர்ந்து பார்த்தால் விடைகளின் நம்பகத்தன்மை ஓரளவு வெளிப்படும். இறப்பும் இடப்பெயர்வும் அந்த ஒப்பீட்டைச் சற்றுக் கலைக்கும் என்றாலும், ஒரு தலைமுறையே முதுமையில் திடீரென்று எழுத்தறிந்ததாகத் தோன்றினால் நாம் காரணம் தேடுவோம். ஒவ்வொரு மாவட்டத்திலும் சிறு மாதிரிக் குழு ஒன்றிடம் மட்டும் ஒரு பத்தியைக் கொடுத்து வாசிக்கச் சொல்லி, அவர்கள் வாயால் சொன்ன விடையோடு ஒத்துப் பார்க்கலாம். வாய்ச்சொல் எவ்வளவு மிகுகிறது, எங்கே குறைகிறது என்பதற்கு ஒரு திருத்த அளவு அப்போதேனும் நமக்குக் கிடைக்கும்.

அதுவரை, எழுத்தறிவு விழுக்காட்டைக் காணும்போதெல்லாம் நாம் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்வது நல்லது: எந்த வயதினருள், எந்த எல்லைக்குள், யார் சொன்னபடி? குன்னத்திலோ செயங்கொண்டத்திலோ அறுபது வயதுப் பெண் ஒருவர் வங்கிப் படிவத்தை அடுத்தவரிடம் நீட்டி எழுதித் தரக் கேட்கும் வரையில், அவர் எந்தப் பத்தியில் எண்ணப்பட்டார் என்ற கேள்வியும் நம்மோடு இருந்துகொண்டே இருக்கும்.